புழுவுக்குள்ளே பங்காளிச் சண்டை

மாலை வகுப்பு தொடங்குகிற நேரம். அக்கா ஒருவர் கையில் ஒரு கோசு இலையோடு வந்தார். இலையெல்லாம் ஓட்டை. இலையின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும்.

"பாரு தம்பி, புழு முட்டை வைத்திருக்கிறது. இன்னும் நாலு நாளில் தோட்டம் முழுக்கப் புழுவாகிவிடும். நாளைக்கே மருந்து அடிக்க வேண்டும். போன வாரம்தான் கடன் வாங்கி அடித்தேன்" என்றார்.

எங்கள் ஊர் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. காய்கறிதான் இங்கே பலருக்குப் பிழைப்பு. அதனால் எல்லோரும் எழுந்து வந்து இலையைப் பார்த்தார்கள்.

"புழு எப்படியம்மா முட்டை வைக்கும்? அந்துப்பூச்சிதான் முட்டை வைக்கும். முட்டையிலிருந்துதான் புழு வரும்" என்றார் ஒரு தாத்தா.

"அப்படியென்றால் இது என்ன?" என்று அக்கா கேட்டார்.

தாத்தாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மறுநாள் இலையை எடுத்துக்கொண்டு வேளாண் அதிகாரியிடம் போனேன். அவர் பார்த்ததும் சிரித்தார்.

"இது முட்டை இல்லை தம்பி. கூடு. குளவியின் கூடு. உங்கள் தோட்டத்தில் கூலி வாங்காமல் வேலை செய்கிற ஆள் இவர். நசுக்கிவிடாதீர்கள்" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

குளவி கொட்டினால் புழு குளவியாகுமா?

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டுச் சுவரில் குளவி மண்ணால் கூடு கட்டும். ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைக்கும். வாயை அடைத்துவிடும். சில நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வரும். புழு உள்ளே போனது, குளவி வெளியே வந்தது. ஆகவே புழுதான் குளவியாக மாறிவிட்டது என்று நினைத்தார்கள்.

அவர்கள் பார்த்தது சரி. நினைத்தது மட்டும் தவறு. குளவி அந்தக் கூட்டுக்குள் ஒரு முட்டையும் வைக்கிறது. முட்டையிலிருந்து குளவியின் குஞ்சு வருகிறது. அந்தக் குஞ்சும் பார்ப்பதற்குப் புழு போலத்தான் இருக்கும். அது பச்சைப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாகிறது.

சில குளவிகளுக்கு மண் கூடும் தேவையில்லை. அவை உயிரோடு இருக்கும் புழுவின் உடம்பையே வீடாக்கிக்கொள்கின்றன. தாய்க் குளவி பறந்து வந்து புழுவின் மேல் உட்காரும். அதன் பின்பக்கம் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதைப் புழுவின் உடம்பில் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிடும். குஞ்சு புழுவுக்குள்ளேயே பிறந்து, அதன் உடம்பைத் தின்று வளரும். கடைசியில் புழு செத்துவிடும்.

இந்தக் குளவிகளை ஒட்டுண்ணிக் குளவிகள் என்கிறார்கள். இவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். பல இனங்கள் எறும்பை விடச் சிறியவை. மனிதரைக் கொட்டுவதில்லை.

கோசைத் தின்கிற புழு

அக்காவின் தோட்டத்தில் இருந்தது வைரமுதுகுப் பூச்சியின் புழு. இந்தப் பூச்சி சிறகை மடக்கி உட்காரும்போது முதுகில் வைரக்கல் போன்ற வடிவம் தெரியும். அதனால் இந்தப் பெயர். புழு வெளிர்ப்பச்சையாக இருக்கும். முழுதாக வளர்ந்தாலும் சுமார் 1 சென்டிமீட்டர்தான். தொட்டால் துள்ளும். நூல் விட்டுக் கீழே தொங்கும்.

இது மருந்துக்கு அடங்காத புழு. டி.டி.டி. என்ற மருந்து ஒரு காலத்தில் பெரிய பெயர் வாங்கியது. அதற்கு இந்தப் புழு சாகவில்லை என்று 1953-ஆம் ஆண்டிலேயே இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கண்டுபிடித்தார்கள். பிறகு வந்த பல மருந்துகளையும் இது தாங்கப் பழகிக்கொண்டது. ஆனால் குளவிகள் அப்படி இல்லை. மருந்து பட்டால் செத்துவிடும். பல நேரங்களில் நாம் காசு கொடுத்து வாங்கி அடிக்கிற மருந்து எதிரியை விட்டுவிட்டு நண்பனைக் கொல்கிறது.

இந்தப் புழுவுக்குள் முட்டையிடுகிற குளவிகளில் ஒன்றின் பெயர் கோட்டீசியா. நம் நாட்டுச் சமவெளிகளில் இதைப் பார்க்கலாம். அக்கா கொண்டுவந்தது இதன் கூடுதான்.

ஒரு வீடு, இரண்டு முட்டை

இனிமேல்தான் கதையே இருக்கிறது. ஒரு கோட்டீசியா வந்து ஒரு புழுவுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகிறது. சற்று நேரத்தில் இன்னொரு கோட்டீசியா வருகிறது. அதுவும் அதே புழுவுக்குள் முட்டை வைத்துவிடுகிறது. இப்போது என்ன நடக்கும்?

இரண்டு குஞ்சும் பிறந்து, ஆளுக்குப் பாதி தின்று, இரண்டு குளவியாக வெளியே வருமா?

வராது. ஒன்றுதான் வெளியே வரும்.

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். புழுவே 1 சென்டிமீட்டர்தான். அதன் உடம்பில் இருக்கும் உணவு ஒரு குஞ்சு வளரத்தான் போதும். இரண்டும் பங்கு போட்டால் இரண்டுக்குமே வயிறு நிறையாது. வேறு புழுவைத் தேடிப் போகவும் வழியில்லை. புழுவுக்குள் பிறந்த குஞ்சுக்கு அந்தப் புழுதான் ஊர், உலகம் எல்லாம். அதனால் சண்டை நடக்கிறது. காணி நிலத்துக்குப் பங்காளிகள் அடித்துக்கொள்வது போன்ற சண்டை. ஆனால் இதில் பஞ்சாயத்து கிடையாது. ஒருவர் செத்தால்தான் தீரும்.

எப்படிச் சண்டை போடுகின்றன?

குஞ்சு முட்டையிலிருந்து வந்த புதிதில் அதற்குக் கூரான தாடைகள் இருக்கும். கதிர் அறுக்கிற அரிவாள் போல வளைந்திருக்கும். அந்தத் தாடையால் மற்றக் குஞ்சைக் கடித்துக் கொல்லும். பொரிக்காத முட்டை கிடந்தால் அதையும் கிழித்துவிடும்.

பல இனங்களில், குஞ்சு வளர்ந்து முதல் தோலை உரித்ததும் அந்த அரிவாள் காணாமல் போய்விடும். அதாவது, பிறந்ததும் போர். போர் முடிந்த பிறகுதான் நிம்மதியான சாப்பாடு.

கடிக்காமலே கொல்லும் வழியும் உண்டு. ஒரு குஞ்சு முன்னதாகப் பிறந்து வளர்ந்துவிட்டது என்று வையுங்கள். அது இருப்பதனாலேயே பின்னால் வந்த குஞ்சுக்கு உணவும் காற்றும் போதாமல் போகலாம். அப்போது இளையது வளராமலே செத்துப்போகும். இது சத்தமில்லாத சண்டை.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. குளவிக் குஞ்சுக்கு அது ஒத்துவராது. அதற்குப் பந்தியும் படையும் ஒரே இடம். இரண்டுக்கும் முந்தினால்தான் பிழைக்கும்.

இவ்வளவு சண்டை நடந்தாலும் வென்ற குஞ்சு புழுவை உடனே கொன்றுவிடாது. புழு செத்தால் அழுகிவிடும். அழுகினால் குஞ்சும் சாகும். அதனால் அது புழுவின் உடம்பில் ஓடும் நீரைக் குடித்துத்தான் வளரும். முழுதாக வளர்ந்த பின் புழுவின் தோலைத் துளைத்து வெளியே வரும். பக்கத்திலேயே பட்டு நூலால் வெள்ளைக் கூடு கட்டிக்கொள்ளும். அக்கா முட்டை என்று நினைத்தது இந்தக் கூட்டைத்தான்.

வேறு சாதிக் குளவி வந்தால்?

கோசுப் புழுவுக்குள் டயடெக்மா என்ற வேறு இனக் குளவியும் முட்டை வைக்கும். ஒரே புழுவில் கோட்டீசியாவும் டயடெக்மாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முட்டை வைத்தால் யார் வெல்வார்கள்? ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் கோட்டீசியாதான் வென்றது.

அப்படியானால் டயடெக்மா அழிந்துபோயிருக்க வேண்டுமே? அழியவில்லை. டயடெக்மாவுக்குக் குளிர் பிடிக்கும். கோட்டீசியாவுக்கு வெப்பம் பிடிக்கும். நீலகிரி போன்ற மலைப்பகுதியில் டயடெக்மா நன்றாக வாழ்கிறது. சமவெளியில் கோட்டீசியா வாழ்கிறது. சண்டையில் தோற்கிறவரும், தனக்கென்று ஓர் இடம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

கதவில் போடும் குறி

சண்டை வராமல் தடுக்கத் தாய்க் குளவிக்கு ஒரு வழியும் இருக்கிறது.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாக வருவார்கள். கொடுத்து முடித்ததும் கதவில் சாக்பீஸால் குறி போடுவார்கள். அடுத்து வருகிறவர் குறியைப் பார்த்ததும் அந்த வீடு முடிந்தது என்று தெரிந்துகொள்வார்.

குளவியும் இப்படித்தான். டிரைக்கோகிரம்மா என்று ஒரு மிகச் சிறிய குளவி உண்டு. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. இது புழுவுக்குள் முட்டை வைப்பதில்லை. அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும்.

1930-களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் சால்ட் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். ஒரு குளவி நடந்துபோன பூச்சி முட்டையை மற்றக் குளவிகள் பெரும்பாலும் விட்டுவிடுவதைக் கண்டார். அந்த முட்டையைத் தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். இப்போது குளவிகள் வந்து முட்டை வைத்தன. குளவி தன் காலடி வாசனையைக் குறியாக விட்டுப்போகிறது என்று அதனால் தெரிந்தது.

குறி இருந்தும் சில நேரம் தாய்க் குளவி முட்டை வைத்துவிடும். எப்போது? காலியான வீடு கிடைக்காதபோது. குளவிகள் அதிகமாகவும் புழுக்கள் குறைவாகவும் இருந்தால் இந்த நெருக்கடி வரும்.

கூட்டுக் குடும்பமும் காவல்காரரும்

எல்லா ஒட்டுண்ணிக் குளவியும் ஒற்றையாக வளர்வதில்லை. கரும்பு, மக்காச்சோளத் தண்டைத் துளைக்கும் புழுவைத் தாக்க வேறொரு கோட்டீசியா இனம் இருக்கிறது. தாய் ஒரே புழுவுக்குள் முப்பது நாற்பது முட்டை வைக்கும். அந்தக் குஞ்சுகள் எல்லாம் உடன்பிறப்புகள். பெரிய புழு என்பதால் உணவும் போதும். ஒன்றாகத் தின்று, ஒன்றாக வெளியே வந்து, பஞ்சுப் பொதி போலச் சேர்ந்து கூடு கட்டும். இதிலும் கூட்டம் அளவுக்கு மேல் போனால் எல்லாம் நோஞ்சானாகிவிடும்.

கோபிடோசோமா என்ற குளவி இன்னும் விந்தையானது. அதன் ஒரே முட்டை புழுவுக்குள் போய்ப் பலவாகப் பிரிந்துகொள்ளும். சில இனங்களில் ஒரே முட்டையிலிருந்து ஆயிரத்துக்கு மேல் குஞ்சு வரும். அவற்றில் சில குஞ்சுகள் காவல்காரர்கள். அவற்றுக்குப் பெரிய தாடை உண்டு. வேறு குளவியின் குஞ்சு உள்ளே வந்தால் கடித்துக் கொல்லும். அந்தக் காவல்காரக் குஞ்சுகள் குளவியாக மாறுவதே இல்லை. உடன்பிறப்புகளைக் காத்துவிட்டு உள்ளேயே செத்துப்போகும்.

இந்தச் சண்டையால் நமக்கு என்ன?

"குளவிக்குள் குளவி அடித்துக்கொண்டால் நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிகாரியிடம் நானும் இதையே கேட்டேன். யார் வெல்கிறார்கள் என்பதைப் பொறுத்து நம் பயிரின் நிலையும் மாறும் என்றார்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். அங்கே கோசைத் தின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு வந்தது. அதை அடக்க 1880-களில் இங்கிலாந்திலிருந்து ஒரு கோட்டீசியாவைக் கொண்டுபோனார்கள். அது கூட்டுக் குடும்ப இனம். ஒரு புழுவுக்குள் இருபது முப்பது குஞ்சு வளரும். அத்தனைக்கும் உணவு வேண்டும் அல்லவா? அதனால் புழு முழுதாக வளரும் வரை அதைக் கொல்லாது. அதுவரை புழு கோசைத் தின்றுகொண்டே இருக்கும்.

நூறு ஆண்டு கழித்து, 1988-இல் சீனாவிலிருந்து இன்னொரு கோட்டீசியாவைக் கொண்டுவந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்டார்கள். இது ஒற்றையாக வளர்கிற இனம். இரண்டும் ஒரே புழுவுக்குள் சந்தித்தால், பெரும்பாலும் அந்த ஒற்றைக் குஞ்சே இருபது முப்பது பேரையும் வென்றுவிடும். காலப்போக்கில் அந்தப் பகுதியில் பழைய குளவி குறைந்தது. புதியது பரவியது. புழுவுக்குள் நடந்த சண்டையும் இதற்கு ஒரு காரணம். புதிய குளவி புழுவைச் சின்ன வயதிலேயே கொன்றுவிடும். அதனால் புழு தின்னும் கோசும் குறைந்தது. அங்கே சண்டை விவசாயிக்கு லாபமாக முடிந்தது.

நம் நாட்டில் நடந்ததும் ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. இது வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றிலும் வெள்ளை மாவு போல அப்பிக்கொண்டது. கர்நாடகம், கேரளம், மகாராஷ்டிரம் என்று பரவியது. பட்டுப்புழுவுக்கு இலை இல்லாமல் பலர் தவித்தார்கள். மருந்து அடித்தும் அடங்கவில்லை.

2010-இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று இனக் குளவிகளை வரவழைத்தது. மூன்றும் ஒரே மாவுப்பூச்சியைத் தாக்குபவை. அவற்றில் அசிரோபேகஸ் என்பதுதான் நம் வயல்களில் நன்றாக நிலைத்தது. அதற்கு இளம் மாவுப்பூச்சியே போதும். வளர்ந்த பூச்சியைத் தேடுகிற மற்றக் குளவிக்கு முன்பே இது இடம் பிடித்துவிடும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது.

ஆகவே நல்ல குளவிதானே என்று எதையும் எவ்வளவும் கொண்டுவந்து கொட்டிவிட முடியாது. எந்த இனம், எத்தனை, எந்த நேரம் என்று பார்த்துத்தான் விட வேண்டும்.

அட்டை தயாரிக்கும் குழுக்களுக்கு

டிரைக்கோகிரம்மா குளவியை அட்டையில் வளர்த்து விற்கிறார்கள். பல ஊர்களில் மகளிர் குழுக்களும் இந்த வேலையைச் செய்கின்றன. நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டுவார்கள். ஓர் அட்டையில் சுமார் 20,000 முட்டை இருக்கும். அதில் குளவியை விடுவார்கள். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுப்பாகிவிடும். குளவி உள்ளே வளர்கிறது என்று அதற்குப் பொருள்.

இங்கே பங்காளிச் சண்டைக் கணக்கு முக்கியம். ஆறு பூச்சி முட்டைக்கு ஒரு குளவி என்பது பொதுவான அளவு. சீக்கிரம் வேலை முடியட்டும் என்று குளவியை அதிகமாக விட்டால் என்ன ஆகும்? ஒரே முட்டைக்குள் பல குளவிகள் முட்டை வைத்துவிடும். பிறகு வரும் குளவி சிறுத்துப் போயிருக்கும். சிலவற்றுக்குச் சிறகு சரியாக விரியாது. அட்டை கறுப்பாக, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வயலில் கட்டினால் பறக்க ஆள் இருக்காது. வாங்கியவருக்கு நஷ்டம். குழுவுக்குக் கெட்ட பெயர்.

வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் தேதியைப் படியுங்கள். குளவி வெளிவருவதற்கு முன் அதை வயலில் கட்டிவிட வேண்டும். துண்டு துண்டாக வெட்டி, மாலை நேரத்தில், இலையின் அடியில் கட்டுங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மருந்து அடிக்காதீர்கள்.

தோட்டத்தில் நாம் செய்யக்கூடியவை

இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கூடு இருந்தால் நசுக்காதீர்கள்.

மருந்து அடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள். கூடு அதிகமாகவும் புழு குறைவாகவும் இருந்தால் பொறுத்திருக்கலாம்.

25 வரிசை கோசுக்கு 2 வரிசை கடுகு போடலாம். பூச்சிகள் கடுகைத் தேடிப் போகும்.

புழு மிக அதிகமாக இருந்தால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயன்படுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேளாண் அதிகாரியைக் கேளுங்கள்.

அக்காவின் கணக்கு

அதிகாரியிடம் காட்டிய அந்த இலையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டேன். வாயை மெல்லிய துணியால் கட்டினேன். வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்தேன். நான்காம் நாள் மாலை கூட்டின் ஒரு முனை மூடி போலத் திறந்திருந்தது. உள்ளே எறும்பை விடச் சின்னதாக ஒரு கறுப்புக் குளவி ஊர்ந்துகொண்டிருந்தது.

"இத்தனூண்டா?" என்று அக்கா கேட்டார். "இது தன் பங்காளியைக் கொன்றுவிட்டுத்தான் வந்ததோ என்னவோ" என்று தாத்தா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அக்காவே துணியை அவிழ்த்து அதைப் பறக்கவிட்டார்.

மறுநாள் அவர் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கோசுத் தோட்டத்தில் இருபது செடியைப் பார்த்து எண்ணி எழுதியிருந்தார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது.

"கூடு 23. புழு 9. மருந்து அடிக்கவில்லை."

யோசித்துப் பாருங்கள்

1. குளவி கொட்டினால் புழு குளவியாகும் என்று ஏன் நினைத்தார்கள்? உண்மையில் என்ன நடக்கிறது?

2. ஒரு கோசுப் புழுவுக்குள் இரண்டு குளவி முட்டை இருந்தால் ஏன் ஒரு குளவி மட்டும் வெளியே வருகிறது?

3. அட்டையில் குளவியை அதிகமாக விட்டால் என்ன கெடுதல்?

4. உங்கள் தோட்டத்தில் பத்துச் செடியைப் பாருங்கள். புழு எத்தனை, கூடு எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் மறுபடி எண்ணுங்கள். இரண்டையும் வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.